அளந்தால் மட்டும் பேசும் பெட்டி

காரைக்கால் மாவட்டத்தில், ஒழுங்காக வேலை செய்யும் பொருளைப் பார்த்துக் கவலைப்பட்ட ஒரே மனுஷி மீட்டரக்காதான். கெட்டுப்போன பொருளைக் கண்டால் அவருக்கு முகம் மலரும். சுற்றாத மின்விசிறி, பாடாத ரேடியோ, அடிக்காத பெல் எல்லாம் அவருக்கு ஊரிலிருந்து வந்த உறவுக்காரர்கள் மாதிரி. உட்கார வைத்து நிதானமாக விசாரிப்பார். நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் பொருளைத்தான் ஓரக்கண்ணால் பார்ப்பார். "இது ஏன் ஓடுதுன்னு யாராவது கேட்டீங்களா?" என்பார். நாங்கள் யாரும் கேட்டிருக்க மாட்டோம்.

அவருக்குச் சொந்தப் பெயர் ஒன்று உண்டு. சம்பளப் பட்டியலில் இருந்தது. அலுவலகத்தில் அதை உபயோகித்தவர் யாருமில்லை. நான் சொல்வது காரைக்காலில் இருக்கும் ஓர் அரசு அலுவலகம். எந்த அலுவலகம் என்று சொல்லிவிட்டால் அங்கிருந்த பெல்லைப் பற்றி எழுத முடியாது. அங்கே மீட்டரக்கா தபால் பிரிவில் யு.டி.சி., அதாவது மேல்நிலை எழுத்தர். மற்றவர்கள் கழுத்தில் அடையாள அட்டை தொங்கும். அவர் கழுத்தில் மஞ்சள் நிற மல்ட்டிமீட்டர் தொங்கும். சிவப்பும் கறுப்புமாக இரண்டு ஒயர்கள் உண்டு. அவற்றை எங்கே வைத்தாலும் அங்கே எவ்வளவு மின்சாரம் இருக்கிறது என்று நம்பர் காட்டும். அடையாள அட்டை அதற்குப் பின்னால் இருந்தது என்று நம்புகிறோம்.

புதிதாக வந்த அதிகாரி முதல் நாள் அவரைப் பார்த்து, "கரன்ட் மீட்டர் வெளிச் சுவத்துல இருக்கும்மா, அங்க போய் ரீடிங் எடுங்க" என்று வழிகாட்டினார். அக்கா நன்றி சொன்னார். வெளியே போய் அதையும் பார்த்துவிட்டு வந்தார். "ஓடுது சார்" என்றார் கவலையுடன்.

நான் அங்கே எல்.டி.சி.யாக, அதாவது கீழ்நிலை எழுத்தராகச் சேர்ந்தேன். காரைக்கால்மேட்டில் எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்த முதல் ஆள் நான். அதற்கு மேல் எலக்ட்ரானிக்ஸில் டிப்ளமா வேறு. இதைக் கேட்டவர்களுக்கும் சொல்வேன், கேட்காதவர்களுக்கும் சொல்வேன். மீட்டரக்காவிடம் அவர் வாயைத் திறக்கும் முன்பே சொல்லிவிட்டேன்.

"எலக்ட்ரானிக்ஸா? அப்ப எதையெல்லாம் கழட்டிருக்க?" என்றார்.

"கழட்டல்லாம் இல்லக்கா. ஃபர்ஸ்ட் கிளாஸ்."

"ஒரு ரேடியோ கூடவா கழட்டல?"

"லேப்ல சாரே கனெக்‌ஷன் குடுத்து வச்சிருப்பாருக்கா. நாங்க ரீடிங் எழுதிக்குவோம்."

"ரீடிங் சரியா வந்துச்சா?"

"எப்பவும் சரியா வரும்."

அக்கா என்னை, வீட்டில் துக்கம் நடந்தவளைப் பார்ப்பது போலப் பார்த்தார். "கெட்டுப்போன சர்க்யூட்ட கண்ணுலயே காட்டாம அனுப்பிட்டாங்களே. சரி, வா டிப்ளமா, டீ சாப்பிடலாம்."

அன்றிலிருந்து என் பெயர் டிப்ளமா. அவர் அதைக் கேலியாகத்தான் வைத்தார். நான் பட்டமாக எடுத்துக்கொண்டேன். இருவருக்கும் அதில் திருப்தி.

அக்காவுக்குச் சொந்த ஊர் குரும்பகரம். வீட்டுக்காரர் நெல் விவசாயம். அடுப்புக்கு இந்தப் பக்கம் தோசைத் திருப்பி, அந்தப் பக்கம் ஈயம் பற்ற வைக்கும் சால்டரிங் ராடு என்று வைத்துத்தான் அந்த வீட்டில் சமையல் நடக்கும். ஆம்ப்ளிஃபையர், ரேடியோ, விதவிதமாகக் கூவும் சின்னச் சின்ன சர்க்யூட்டுகள் என்று எதையாவது கட்டிக்கொண்டே இருப்பார். விற்க மாட்டார். யாருக்கும் தேவையும் இருக்காது. ஏன் ஓடுகிறது என்று தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

அதற்கு அவரிடம் ஒரு முறை இருந்தது. முதலில் படத்தில் இருப்பது போலவே முழுதாகக் கட்டுவார். அது ஓடினால் கொஞ்சம் வருத்தப்படுவார். பிறகு மீட்டரின் இரண்டு ஒயர்களையும் மாட்டிவைத்துக்கொண்டு, பாகங்களை ஒவ்வொன்றாகக் கழற்றுவார். கழற்றியதும் எது கெடுகிறதோ, அதுதான் அந்தப் பாகத்தின் உத்தியோகம். ஒன்றுமே கெடவில்லை என்றால் அந்தப் பாகம் தண்டச்சோறு. அதைக் கொண்டுபோய் ஒரு காலி ஊறுகாய் பாட்டிலில் போட்டுவிடுவார். அந்தப் பாட்டிலுக்கே தண்டச்சோறு பாட்டில் என்றுதான் பெயர்.

அவர் வீட்டுக்காரர் ஒரு முறை அலுவலகத்துக்கு வந்தபோது என்னிடம் பெருமையாகச் சொன்னார்: "எங்க வீட்டு ரேடியோவுல பாதிதாம்மா இருக்கு. மிச்சம் பாட்டில்ல இருக்கு. ஆனா பாட்டு முழுசா வருது."

இனி பெல். எங்கள் அதிகாரியின் மேஜையில் குருவி மாதிரி கத்தும் அழைப்பு மணி ஒன்று இருந்தது. ஒரு நாள் குருவி கத்தவில்லை. அக்கா அதை வாஞ்சையோடு தூக்கிக்கொண்டு வந்து தபால் மேஜையில் மல்லாத்தினார். மூடியைத் திறந்தார். அவ்வளவுதான், குருவி தானாகக் கத்த ஆரம்பித்தது. நாங்கள் கைதட்டினோம். அக்கா முகம் கறுத்துவிட்டது.

அதிகாரி அறையிலிருந்தே கேட்டார். "சரியாயிடுச்சாம்மா? கொண்டாங்க."

"தர முடியாது சார்."

"ஏன்?"

"தானா சரியாயிடுச்சு சார்."

"நல்லதுதானம்மா?"

"நான் ஒண்ணுமே பண்ணல சார். என்ன கெட்டுச்சுன்னு தெரியல, எப்படிச் சரியாச்சுன்னும் தெரியல. இத எப்படி நம்பி உங்க மேசையில வைக்கிறது? மறுபடி கெடட்டும். கண்டுபிடிச்சுட்டுத் தர்றேன்."

பெல் மறுபடி கெடவில்லை. அக்காவும் தரவில்லை. அதிகாரி பியூனைக் கைதட்டிக் கூப்பிடப் பழகிக்கொண்டார். அவர் தட்டும்போதெல்லாம், ஏதோ விழா நடக்கிறதென்று மனு கொடுக்க வந்தவர்களும் சேர்ந்து தட்டினார்கள்.

இதெல்லாம் எனக்குச் சிரிப்பாக இருந்தது, என் அம்மாவின் குரல் போகிறவரை.

என் அம்மா காரைக்கால்மேட்டுக் கரையில் மீன் ஏலம் விடுகிறவள். படகு வந்ததும் கூடைகள் மணலில் இறங்கும். அம்மா ஒரு குரல் கொடுப்பாள். கடல் இரைச்சல், எஞ்சின் சத்தம், காக்கை எல்லாவற்றுக்கும் மேலே அந்தக் குரல் ஏறி நிற்கும். ஐஸ் பெட்டி வண்டிகளோடு நிற்கும் வியாபாரிகள் பேச்சை நிறுத்திவிட்டுத் திரும்புவார்கள். என் பள்ளிக்கூடம், டிப்ளமா, நான் உட்காரும் அரசாங்க நாற்காலி எல்லாம் அந்தத் தொண்டையிலிருந்து வந்தவை.

ஒரு நாள் அந்தத் தொண்டையில் காற்று மட்டும் வந்தது. டாக்டர் பார்த்துவிட்டு, உள்ளே வீங்கியிருக்கிறது, ஆறு மாதத்துக்குக் கத்தக் கூடாது, மெதுவாகப் பேசலாம், மீறினால் குரல் திரும்பாது என்றார்.

"கத்தாம எப்படி ஏலம் வுடறது? ஒவ்வொருத்தன் காதுலயும் போய்ச் சொல்லவா?" என்று அம்மா கிசுகிசுத்தாள். அதைக் கூட டாக்டர் இரண்டாவது முறை கேட்டுத்தான் புரிந்துகொண்டார்.

எங்கள் கரையில் ஒரு படகு ஓர் ஏலக்காரரிடம்தான் மீனைக் கொடுக்கும். அது வருடக்கணக்கில் வரும் உறவு. ஆனால் குரல் இல்லாத ஏலக்காரியிடம் மீனைக் கொடுத்தால் மீன் மணலிலேயே கிடந்து வெயிலில் கெடும். மரியாதைக்காகப் படகுக்காரர்கள் சில நாள் பொறுத்தார்கள். பக்கத்தில் ஒரு புது ஏலக்காரர், வாலிபர், தினமும் தொண்டையைச் செருமிக்கொண்டு நின்றார். அவருக்கு ஜலதோஷம் ஒன்றும் இல்லை.

டீச்சர்கள் இடுப்பில் மாட்டிக்கொண்டு பேசுவார்களே, அந்த மைக்செட் ஒன்றைக் கடையில் வாங்கிக்கொடுத்தேன். முதல் நாள் பேசியது. உப்புக் காற்று பட்டதும் சாம்பார் கொதிப்பது போலச் சத்தம் போட்டது. பிறகு அதுவும் இல்லை. அதை அலுவலகத்துக்குக் கொண்டுபோனேன். அக்கா திறந்து பார்த்தார்.

"பாரு டிப்ளமா, உள்ள எல்லாத்தையும் கறுப்புப் பசையில போட்டு மூடிட்டான். ஒரு கேள்வி கேக்க முடியாது. இதெல்லாம் ஒரு பொருளா? இரு, நான் செஞ்சு தர்றேன்."

"அக்கா, அம்மாவோட பொழப்பு. கழட்டாம தருவீங்களா?"

"முழுசாக் கட்டுறேன். தேவையில்லாதத மட்டும் எடுப்பேன். எங்க வீட்டு ரேடியோ பாடல?"

மாவு வைக்கும் பிளாஸ்டிக் டப்பா ஒன்றில் அந்த ஆம்ப்ளிஃபையர் உருவானது. உப்புக் காற்று ஏறாமல் இருக்க, உள்ளே பாகங்கள் பதித்த அட்டை முழுவதும் ரோஸ் நிற நகப்பூச்சு அடித்தார். நகப்பூச்சு என்னுடையது. மூடியின் மேல் இரண்டு பித்தளைத் திருகாணிகள் வெளியே துருத்திக்கொண்டிருந்தன. அவை எதற்கென்று கேட்டேன். "மீட்டர் மாட்ட. அளக்க இடம் வுடாத பொருள நான் செய்ய மாட்டேன்" என்றார்.

தபால் மேஜையில் சோதனை நடந்தது. அக்கா கழுத்து மீட்டரைத் திருகாணிகளில் மாட்டிக்கொண்டு, மைக்கில் ரகசியம் பேசும் குரலில், "யாருங்க அங்க?" என்றார். கூடத்தின் மறுகோடியில் தன் அறைக்குள் இருந்த அதிகாரி நாற்காலியை விட்டு எழுந்து, "நான்தாங்க" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் அக்கா பெட்டியோடு ஸ்கூட்டரில் கரைக்கு வந்துவிட்டார். அம்மாவின் இடுப்பில் பெட்டியைக் கட்டினோம். மைக் வாயருகே. வியாபாரிகள் சுற்றி நின்றார்கள். புது ஏலக்காரரும் நின்றார். முதல் கூடை சங்கரா மீன். அம்மா மெதுவாக, "சங்கரா..." என்றாள். அந்த ஒரு சொல் கரை முழுக்கப் போனது. அடுத்த சொல் இழுத்துக்கொண்டே போய், தூக்கக் கலக்கத்தில் உளறுவது போல உளறி, நின்றுவிட்டது.

புது ஏலக்காரர் தொண்டையைச் செருமினார்.

"பதறாதீங்கக்கா" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு மீட்டரக்கா ஆனந்தமாக முன்னே வந்தார். கெட்டுப்போய்விட்டதே, அவருக்கென்ன. மீட்டரின் சிவப்பு ஒயரை ஒரு திருகாணியிலும் கறுப்பை மற்றதிலும் மாட்டினார்.

"...கூடை போவுது, கேளுங்க!" என்று பெட்டி முழங்கியது.

ஒயரைக் கழற்றினார். ஊமை. மாட்டினார். பேசியது. கழற்றினார். ஊமை. அக்காவின் ஆனந்தம் மெல்ல வடிந்து போவதை அன்றுதான் பார்த்தேன்.

"என்னக்கா?"

"கெட்டுருக்குன்னு அளக்கப் போனா, அளக்கும்போது கெடமாட்டேங்குது டிப்ளமா. அளக்காட்டி எங்க கெட்டுருக்குன்னு எப்படித் தெரியும்?"

கூடைகளுக்கு மேல் வெயில் ஏறிக்கொண்டிருந்தது. படகுக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்போது அக்கா தன் கழுத்திலிருந்து மீட்டரைக் கழற்றி, என் அம்மாவின் கழுத்தில் போட்டார். ஒயர்களைத் திருகாணிகளில் இறுக்கினார்.

வாசகர்களுக்கு இது சாதாரணமாகத் தெரியலாம். அதிகாரி ஒரு முறை தன் செல்போன் சார்ஜரைச் சோதிக்க அந்த மீட்டரை ஒரு நிமிடம் இரவல் கேட்டார். அக்கா கழற்றித் தரவில்லை. மீட்டர் கழுத்தில் இருக்க, அதிகாரியின் மேஜைக்கு மேலே தானே குனிந்து நின்று அளந்து கொடுத்தார். அந்த மீட்டர்தான் இது.

"வேற ஒண்ணு வாங்கிக்கலாமேக்கா" என்றேன் திரும்பும் வழியில்.

"கெட்டுப்போன பொட்டியக் குடுத்துட்டு, நான் புது மீட்டர் மாட்டிக்கிட்டுத் திரியவா? என்ன கோளாறுன்னு தெரியற வரைக்கும் எனக்கு மீட்டர் கெடையாது."

கரையில் பெட்டி முழங்கியது. அதைவிட மீட்டர்தான் புகழ் பெற்றது. அம்மாவின் மார்பில் தொங்கிய அந்தச் சின்ன ஜன்னலில் நம்பர்கள் ஏறி இறங்கிக்கொண்டே இருந்தன. ஐஸ் பெட்டி மாமா என்று ஒரு வியாபாரி. எந்த மீனைக் காட்டினாலும் முதலில் பழசு என்பார். அவர்தான் முதலில் கேட்டார்.

"என்னா ஆத்தா, மிஷின்ல என்னமோ நம்பர் ஓடுது?"

அம்மா முகத்தை மாற்றாமல், "பொய் சொன்னா ஏறும்" என்றாள். பெட்டி அதைக் கரை முழுவதற்கும் சொன்னது.

மாமா யோசித்தார். "இந்த மீனு பழசு" என்று சோதித்துப் பார்த்தார். நம்பர் ஏறியது. அது கடலலை இரைச்சலுக்கும் ஏறும் என்பது அவருக்குத் தெரியாது. அன்றிலிருந்து அம்மாவின் ஏலத்தில் எந்த மீனும் பழசாக இல்லை.

அலுவலகத்தில்தான் நிலைமை மோசம். கழுத்தில் மீட்டர் இல்லாத அக்காவை யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. "மனு அந்தப் பக்கம்மா" என்றார் அதிகாரி. அக்கா பேசும்போது கை அடிக்கடி நெஞ்சுக்குப் போகும், ஒன்றும் இல்லாமல் திரும்பும். மத்தியானங்களில் அம்மாவிடமிருந்து பெட்டியை வாங்கிவந்து மேஜையில் வைத்து முறைத்துக்கொண்டிருப்பார். அதிகாரி கைதட்டினால் கூடத் திடுக்கிடுவதில்லை.

ஒரு நாள் அவர் வீட்டுக்காரர் எனக்குப் போன் செய்தார். "ஏம்மா, உங்க அம்மா பொட்டி நல்லா ஓடுதாமே?"

"ஆமாங்கண்ணே."

"அதான் இவ சோறு திங்க மாட்டேங்கிறா. ரெண்டு நாளைக்கு அத ஓட வேணாம்னு சொல்லக் கூடாதா?"

நெருக்கடி ஒரு வஞ்சிரத்தில் வந்தது. அம்மாவிடம் நெடுநாளாக மீன் கொடுக்கும் படகொன்று அன்று நல்ல பாடு கொண்டுவந்திருந்தது. கூடை கூடையாக வஞ்சிரம், பளபளவென்று. படகுக்காரர் என்னைத் தனியே கூப்பிட்டார். "பாப்பா, சங்கடமாத்தான் இருக்கு. ஆனா இன்னிக்கு மட்டும் இந்தப் பொட்டி நடுவுல மொரண்டு பண்ணுச்சுன்னா, நாளையிலேர்ந்து நான் அந்தத் தம்பிகிட்டதான் போவணும். ஒங்க ஆத்தாகிட்ட நீயே சொல்லிடு."

நான் சொல்லவில்லை. அம்மா ஏற்கெனவே கூடைக்குள் கையை விட்டு மீனை எடுத்துக் காட்டி ஏலத்தைத் தொடங்கிவிட்டிருந்தாள். விலை ஏறியது. ஐஸ் பெட்டி மாமா தான் சொன்ன விலைக்கு மிஷின் என்ன சொல்கிறது என்று பார்க்க எட்டிக் குனிந்தார். அவர் தோள்பை சிவப்பு ஒயரில் மாட்டியது. நிமிர்ந்தார். ஒயர் மீட்டரிலிருந்தே பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டது.

பெட்டி இழுத்தது, உளறியது, அடங்கியது.

புது ஏலக்காரர் இந்த முறை செருமவில்லை. நேராக வாயைத் திறந்தார்.

அம்மா பயத்தில் இடுப்புப் பெட்டியை, குழந்தையைப் பிடிப்பது போல, மீன் ஈரம் சொட்டும் கையால் மூடியோடு சேர்த்து இறுக்கிப் பிடித்தாள். "அட கடவுளே" என்று முணுமுணுத்தாள்.

"அட கடவுளே!" என்று கரை அதிர்ந்தது.

அம்மா ஒரு கணம் கூட வீணாக்கவில்லை. "கடவுளே கேக்குறாரு, நீங்க கேக்க மாட்டீங்களா? வஞ்சிரம் போவுது, வஞ்சிரம்!" என்று தொடர்ந்தாள். கையை எடுக்கவே இல்லை. ஏலம் முடிந்தது. படகுக்காரர் எனக்கு மட்டும் தெரியும்படி தலையை ஆட்டினார்.

நான் அம்மாவின் கையை என் துப்பட்டாவால் துடைத்தேன்.

"என்னாடி பண்ற? புதுத் துப்பட்டா!"

"மறுபடி பிடிம்மா."

காய்ந்த கையால் பிடித்தாள். ஊமை. வாளித் தண்ணீரில் கையை நனைத்துப் பிடிக்கச் சொன்னேன். "என்னாடி ஆச்சு ஒனக்கு?" என்று பெட்டி ஊருக்கே கேட்டது. ஈரக் கை இரண்டு திருகாணிகளையும் தொட்டால் பேச்சு, காய்ந்த கைக்கு மௌனம். நான் லேப்பில் எழுதிய சரியான ரீடிங்குகளில் எதுவும் எனக்கு இவ்வளவு சந்தோஷம் கொடுத்ததில்லை.

பெட்டியை எடுத்துக்கொண்டு நேராகக் குரும்பகரம் போனேன். அக்கா தட்டில் சோற்றை வைத்துக்கொண்டு அதைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். வீட்டுக்காரர் குழம்புக் கரண்டியோடு பக்கத்தில் காத்திருந்தார். நடந்ததைச் சொன்னேன்.

"மீட்டரும் ஈரக் கையும் ஒரே வேலையத்தான் செய்யுதுக்கா. அளக்குறது இல்ல. ஒரு திருகாணிலேர்ந்து இன்னொண்ணுக்குக் கரன்ட் கொஞ்சூண்டு கசிஞ்சு போக வழி வுடுது. அந்த வழி இல்லாட்டி, சத்தத்தப் பெருக்குற ஐ.சி. சிப்போட வாசல்ல கரன்ட் தேங்கி, வாய அடச்சிடுது. இது பரீட்சையில வந்துச்சு. நானும் எழுதுனேன். எழுதும்போது இதான் அதுன்னு தெரியல."

அக்கா தட்டை ஓரமாக நகர்த்திவிட்டுப் பெட்டியின் மூடியைத் திறந்தார்.

"அப்படிக் கசிய வுடறதுக்கு அந்த எடத்துல ஒரு ரெசிஸ்டர் இருந்திருக்கணுமேக்கா."

"இருந்துச்சு" என்றார் மெதுவாக. "கழட்டிப் பாத்தேன். ஒண்ணுமே ஆவல. நல்லாத்தான் பேசுச்சு. அதனால எடுத்துட்டேன்."

"கழட்டும்போது மீட்டர் மாட்டியிருந்துச்சா?"

அக்காவின் கை நெஞ்சுக்குப் போனது. அங்கே மீட்டர் இல்லை. வெறும் இடத்தைத் தடவிப் பார்த்தார். ரெசிஸ்டரைக் கழற்றிய கணத்திலேயே, மாட்டியிருந்த மீட்டர் சத்தமில்லாமல் அதன் இடத்தில் நின்று அதன் வேலையைச் செய்திருக்கிறது. அக்கா அதைப் பார்த்துவிட்டு, ரெசிஸ்டரைத் தண்டச்சோறு என்று முடிவு செய்துவிட்டார்.

"எம் மீட்டர் எப்பதான் மாட்டாம இருந்துச்சு?" என்றார்.

பிறகு சிரித்தார். அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. வீட்டுக்காரர் சமயம் பார்த்துக் குழம்பை ஊற்றினார். அக்கா சாப்பிட்டார். இரண்டாவது தடவையும் சோறு கேட்டார்.

சாப்பிட்டதும் தண்டச்சோறு பாட்டிலை முறத்தில் கொட்டினோம். அரிசியில் கல் பொறுக்குவது போல மூன்று பேரும் குனிந்து பொறுக்கினோம். பழுப்பு, கறுப்பு, பச்சைக் கோடு போட்ட ரெசிஸ்டர் வீட்டுக்காரர் கையில் அகப்பட்டது. அக்கா அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, நான் அங்கே இல்லாதது போல அதனிடம் பேசினார்: "தண்டச்சோறுன்னு சொல்லிட்டேன். மனசுல வச்சுக்காத."

நகப்பூச்சைச் சுரண்டிவிட்டு அதைப் பழைய இடத்திலேயே பற்ற வைத்தார். மீட்டர் இல்லாமல், கை காய்ந்திருக்க, பெட்டி பேசியது. அவர் முகத்தில் வழக்கமான சந்தேகம் வரவில்லை. முதல் தடவையாக, ஓடுகிற ஒரு பொருளை அவர் நம்பினார்.

வீட்டுக்காரர் முறத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப இவங்கல்லாம்?" என்றார், மீதியிருந்த பாகங்களைக் காட்டி.

அடுத்த சில வாரங்களில் பாட்டில் காலியானது. ஒவ்வொன்றும் தன் தன் உத்தியோகத்துக்குத் திரும்பியது. வீட்டுக்காரர் என்னைப் பார்க்கும்போதெல்லாம், "ரேடியோ இப்ப சிலோன் ஸ்டேஷன் கூட எடுக்குதும்மா" என்கிறார்.

மீட்டர் புது ஒயரோடு அக்காவின் கழுத்துக்குத் திரும்பியது. கரையில்தான் பிரச்சினை. "மிஷின் எங்க ஆத்தா?" என்று ஐஸ் பெட்டி மாமா கவலைப்பட்டார். "பொட்டிக்கு இப்ப ஒங்க எல்லாரையும் மனப்பாடம். இனிமே அது தேவையில்ல" என்றாள் அம்மா. அவர் அதையும் நம்பினார்.

பிறகு அக்காவுக்கு மாற்றல் வந்தது. எங்கள் புதுச்சேரி அரசாங்கத்தில் மாற்றல் என்றால் பக்கத்து ஊருக்குப் போவதல்ல. அக்காவுக்கு ஏனாம். ஆந்திராவுக்குள் இருக்கிறது.

"தெலுங்கு தெரியுமாக்கா?"

"கெட்டுப்போன பொருளுக்கு ஏது பாஷை?"

விடைபெறும் நாளன்று அதிகாரி நாசூக்காக பெல்லைப் பற்றி நினைவூட்டினார். அது அரசாங்கச் சொத்து என்றும் சொன்னார்.

"அதனாலதான் சார் கூடவே எடுத்துட்டுப் போறேன். இன்னும் நம்பிக்கை வரல" என்றார் அக்கா. குருவி ஏனாம் போனது. அதிகாரி இன்றும் கைதட்டிக்கொண்டிருக்கிறார்.

போன வாரம் டாக்டர் அம்மாவின் தொண்டையைப் பார்த்துவிட்டு, வீக்கம் வடிந்துவிட்டது, இனிக் கத்தலாம் என்றார். அம்மா அங்கேயே ஒரு தடவை கத்திப் பார்த்தாள். வெளியே காத்திருந்த நோயாளிகள் இரண்டு பேர் எழுந்து போய்விட்டார்கள்.

மறுநாள் கரையில் பெட்டி இல்லாமல், மைக் இல்லாமல், பழைய குரலில் ஏலம். எனக்குக் கண் கலங்கியது. யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. ஏனாமுக்குப் போன் போட்டு, கூட்டத்துக்கு நடுவில் தூக்கிப் பிடித்தேன். ஏலம் முடிந்ததும் போனைக் காதுக்கு எடுத்தேன்.

"கேட்டுச்சாக்கா?"

"கேட்டுச்சு. பொட்டி சத்தம் மாதிரி இல்லையே."

"பொட்டி இல்லக்கா. அம்மா குரல்தான்."

"என்ன மருந்து குடுத்தாரு?"

"மருந்தே இல்லக்கா. கத்தாம இருந்ததுல தானா சரியாயிடுச்சாம்."

போனில் அக்காவுக்குப் பின்னால் ஏதோ குருவி கத்தியது.

"தானாவா?" என்றார் அக்கா. "டிப்ளமா, நல்லாக் கேட்டுக்க. தானா சரியானத நம்பக் கூடாது. பொங்கலுக்கு வர்றேன். நான் வந்து பாக்குற வரைக்கும் கத்த வேணாம்னு அம்மாகிட்ட சொல்லு. பொட்டியிலயே பேசட்டும்."

வீட்டு வாசலுக்கு வந்ததும் சிரித்துக்கொண்டே அம்மாவிடம் சொன்னேன். அவளும் சிரிப்பாள் என்று நினைத்தேன். டாக்டர் கத்தக் கூடாது என்று சொன்னபோது அவரையே எதிர்த்துக் கேள்வி கேட்டவள் அவள். நேராக வீட்டுக்குள் போனாள். பெட்டியை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு திரும்பி வந்தாள்.

இப்போதும் கரையில் பெட்டிதான் பேசுகிறது. சாயங்காலமானால் அம்மா மூடியிலிருக்கும் இரண்டு பித்தளைத் திருகாணிகளையும் உப்புப் பூக்காமல் துடைத்து, தேங்காய் எண்ணெய் தடவி வைக்கிறாள். ஏனாமிலிருந்து தங்கச்சி வந்ததும் மீட்டர் மாட்டிப் பார்க்கும், பளிச்சென்று இருக்க வேண்டுமாம்.